கட்டுரையில் முழு மதிப்பெண், அறைக்குள் முட்டை: பண்பாட்டுத் தன்னுணர்வைப் பயிற்சியில் எப்படித்தான் கற்பது?

இரண்டாமாண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உளசிகிச்சைப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதல் வருடம் முழுக்க நுட்பங்கள்தான்: எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படித் திருப்பிச் சொல்வது, எங்கே பேசாமல் இருப்பது. இந்த வருடம் உறவுவழி அணுகுமுறை, அதாவது ரிலேஷனல். தெரபிஸ்ட் கரையில் நின்று பார்ப்பவர் இல்லை, அவரும் தண்ணீருக்குள்தான் நிற்கிறார், அவருடைய பயம், ஆசை, வளர்ப்பு எல்லாம் அறைக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும், அதைக் கவனிப்பதே சிகிச்சையில் பாதி என்று சொல்லித் தருகிறார்கள். படிக்கும்போது ரொம்பப் பிடித்திருந்தது.

அதோடு சேர்த்துப் பண்பாட்டுத் தன்னுணர்வு என்று ஒரு தாள், அதாவது நாம் வளர்ந்த விதம் நம் பார்வையை எப்படி வளைக்கிறது என்று கவனிப்பது. மதம், மொழி, வர்க்கம், பால், உடல், வயது, குடும்பத்தில் எந்தத் தலைமுறையில் படிப்பு வந்தது, வீட்டில் யார் முடிவெடுப்பார்கள், யார் அழலாம், யார் அழக்கூடாது என்று எல்லாவற்றையும் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடமாகப் போட்டு, அதை வைத்து ஒரு கட்டுரை எழுதிக் குழுவில் வாசிக்க வேண்டும். நன்றாகவே எழுதினேன். கடமை என்ற பெயரில் பெண்கள் கரைந்து போவதைப் பார்த்து வளர்ந்தவள், அதிலிருந்து வெளியே வந்தவள், ஆகவே அந்த அழுத்தத்தை என்னால் சட்டென்று அடையாளம் காண முடியும் என்று. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். கேட்ட இரண்டு பேர் கண் கலங்கினார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முப்பதுகளில் ஒரு பெண், வீட்டுக்கு மூத்தவர். தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது என்று வந்தார். கூடப் பிறந்தவர்களின் படிப்பு, பெற்றோரின் வைத்தியம் எல்லாம் பல வருடங்களாக அவர் தலையில். இதையெல்லாம் அவர் புகாராகச் சொல்லவில்லை, நேற்று மழை பெய்தது என்பது போலச் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "உங்களுக்கென்று என்ன வேண்டும்?" என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். இரண்டு செஷன் கழித்து மறுபடி கேட்டேன். பேச்சை மாற்றினார். ஆறாவது செஷனில் மூன்றாவது முறையாகக் கேட்டேன். சிரித்தார். "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார், ரொம்ப மரியாதையாக. மீதி இருபது நிமிடமும் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். நான் குறிப்பேட்டில் "தெளிவு வரத் தொடங்கியிருக்கிறது" என்று எழுதி வைத்தேன். இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அடுத்த வாரம் வேலை இருக்கிறது, வர முடியாது என்று செய்தி வந்தது. அதற்கடுத்த வாரமும் அதே செய்தி.

யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: நான் தனிமனித சுதந்திரம் என்ற பாடப்புத்தக அளவை அவர்மேல் வைத்துவிட்டேன். அவர் உலகம் வேறு, குடும்பமே 'நான்' என்று இருப்பவர். அப்படியானால் அவர் பின்னணியைப் பற்றி இன்னும் நிறையப் படித்துவிட்டுப் போவதுதான் வழியா? வரும் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் பொதுவாக இன்னொரு கேள்வி. இவ்வளவு எழுதி, வாசித்து, மதிப்பெண்ணும் வாங்கிய தன்னுணர்வு அந்த நேரத்தில் எங்கே போயிற்று? எழுதி வராதது வேறு எப்படி வரும்?

---

பழைய நாற்காலி எழுதியது:

வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. பத்தொன்பது வருடமாக சூப்பர்விஷன் செய்கிறேன், அதாவது பயிற்சியில் இருப்பவர்களோடு அவர்கள் செஷன்களைப் பேசி வழிகாட்டும் வேலை. இப்படி ஒரு செஷன் இல்லாத மாணவரைப் பார்த்ததில்லை, இருந்தால் அவர் மறைக்கிறார் என்று அர்த்தம்.

"இன்னும் படித்துவிட்டுப் போகலாமா" என்று கேட்டீர்கள் அல்லவா, அங்கேயே கொஞ்சம் நிற்கலாம். படிப்பதில் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அவர் விலகியதற்குக் காரணம் அவர் பண்பாட்டை நீங்கள் அறியாததுதான் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? அவரைக் கேட்டீர்களா? முதலில் அவருக்குச் சுதந்திரம் வேண்டும் என்று அவர் சார்பில் நீங்கள் முடிவு செய்தீர்கள், இப்போது அவருக்குக் குடும்பம்தான் 'நான்' என்று அதையும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். இரண்டு தடவையும் அவர் வாயைத் திறக்கவில்லை.

ஜெரமி சாஃப்ரானும் கிறிஸ்டஃபர் முரானும் சிகிச்சை உறவில் வரும் விரிசல்களைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர்கள். அவர்கள் இரண்டு வகை சொல்வார்கள். ஒன்று, வந்தவர் கோபமாக முகத்துக்கு நேரே "இதனால் எனக்கு ஒரு பயனும் இல்லை" என்று சொல்வது. பயிற்சியில் இருப்பவர்கள் இதைக் கண்டுதான் நடுங்குவார்கள், ஆனால் இது சுலபமான வகை, கண்ணுக்குத் தெரியும். மற்றது பின்வாங்கல். பேச்சு சுருங்கும், பொதுவாக எதையாவது சொல்வார், உங்களைத் திருப்திப்படுத்துவதற்காகவே ஒத்துப்போவார். உங்களுடைய "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" அச்சு அசல் இந்த வகை. வயதில் மூத்தவர், படித்தவர், டாக்டர் என்று யாரைக் கண்டாலும் மறுத்துப் பேசாமல் இருப்பதே மரியாதை என்று வளர்ந்தவர்களிடம் இந்த விரிசல் சத்தமே போடாது. அவர் தலையாட்டிய அந்த இருபது நிமிடத்தில் அறையில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள்.

எழுதியதால் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். கட்டுரையில் வருவது நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட பண்பாடு. பார்க்காதது கட்டுரையில் எப்படி வரும்? அது இன்னொரு ஆள் வந்து முட்டும்போதுதான் இருப்பதே தெரியும், முட்டிய பிறகுகூட முதலில் அந்த ஆள்மேல்தான் குற்றம் தோன்றும். "எல்லை வகுக்கத் தெரியாதவர்", "பிடிவாதக்காரர்", "இன்னும் தயாராகவில்லை" என்று குறிப்பேட்டில் நாம் எழுதும் வார்த்தைகளைத் தேடிப் பாருங்கள், நம் வீட்டுச் சட்டங்கள் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அதனால் நான் நம்புவது ஒலிப்பதிவையும் நடித்துப் பார்ப்பதையும்தான். நார்மன் ககன் என்பவர் 1960களில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு முறையை உருவாக்கினார். செஷனைப் பதிவு செய்து மாணவரோடு உட்கார்ந்து ஓடவிடுவது, ஆனால் நிறுத்தும் பொத்தான் மாணவர் கையில். அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே, "இந்த இடத்தில் உங்களுக்குள் என்ன ஓடியது, எதைச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டீர்கள்" என்று மட்டும் கேட்பார்கள். சரி, தவறு என்ற தீர்ப்பு கிடையாது. சாஃப்ரான் குழுவின் பயிற்சியிலும் இதே போலத்தான், செஷனில் திணறிய இடத்தை எடுத்துக்கொண்டு மாணவரே தன் கிளையண்டாக உட்கார்ந்து நடித்துப் பார்ப்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் கேள்வியை நீங்களே வாங்கிப் பாருங்கள். எவ்வளவு கனமான கேள்வி என்று தெரியும்.

உங்களுக்கு இரண்டு கேள்விகள் வைக்கிறேன், இங்கே பதில் எழுத வேண்டியதில்லை. மூன்றாவது முறை கேட்பதற்கு ஒரு நொடி முன்னால் உங்கள் உடம்பில் என்ன இருந்தது? இரண்டாவது, உங்கள் சூப்பர்வைசர் ஏதாவது சொன்னால் நீங்களும் தலையாட்டுகிறீர்களா? உளப்பகுப்பாய்வாளர் ஹெரால்ட் ஸேர்ல்ஸ் 1955இலேயே எழுதிவிட்டார், சிகிச்சை அறையில் நடப்பதன் நிழல் சூப்பர்விஷன் அறையிலும் விழும் என்று. என் அனுபவத்தில் நிழல் எதிர்ப்பக்கமும் விழும். மேலே தலையாட்டும் மாணவர், கீழே தலையாட்டலைப் பார்த்தால் ஒப்புதல் என்றே எடுத்துக்கொள்வார்.

---

அளவுகோல் எழுதியது:

நான் சிபிடி ஆள், எண்ணத்தையும் நடத்தையையும் நேரடியாக மாற்றப் பார்க்கும் முறை, அதனால் என் பேச்சைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த ரிலேஷனல் பயிற்சிகள்மேல் பழைய சந்தேகம் உண்டு. மாணவர்கள் தங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வந்தவருக்குத் தூக்கம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் பதிவிலும் பாருங்கள், தூக்கமில்லை என்று வந்தவரின் தூக்கத்தைப் பற்றி அப்புறம் ஒரு வரிகூட இல்லை!

ஆனால் உறவு முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன், தரவுகள் சொல்லவிடாது. 2018இல் ஃப்ளூக்கிகர் குழு வெளியிட்ட தொகுப்பாய்வில் 295 ஆய்வுகள், 30,000க்கும் மேற்பட்ட ஆட்கள். எந்த வகைச் சிகிச்சையாக இருந்தாலும் உறவு நன்றாக இருந்த இடத்தில் பலனும் கூடுதல், தொடர்பு மிதமானது, ஆனால் விடாமல் வருகிறது. அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது 2007இல் பால்ட்வின், வாம்போல்ட், இமெல் மூவரும் செய்தது. 80 தெரபிஸ்டுகள், அவர்களிடம் வந்த 331 பேர். சராசரியாக யார் எல்லோரோடும் நல்ல உறவை உண்டாக்குகிறாரோ அந்தத் தெரபிஸ்டிடம் வந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். ஒரே தெரபிஸ்டிடம் வந்தவர்களுக்குள் யார் நன்றாக ஒட்டினார், யார் ஒட்டவில்லை என்பது அவ்வளவு பொருட்டாக இல்லை. அதாவது வந்தவர் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க நமக்கு இடமில்லை.

பண்பாட்டுத் திறன், அதாவது வேறு வேறு பின்னணி உள்ளவர்களோடு வேலை செய்யும் திறன், அதைப் பற்றியும் ஒரு கசப்பான விஷயம் இருக்கிறது. எனக்கு அந்தத் திறன் இருக்கிறது என்று தெரபிஸ்ட் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணுக்கும் சிகிச்சையின் பலனுக்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை. சிகிச்சைக்கு வந்தவர் போடும் மதிப்பெண்ணுக்குத்தான் சம்பந்தம் உண்டு. இதுவும் 2018 தொகுப்பாய்வு ஒன்றில் வந்ததுதான். ஆகவே உங்கள் கட்டுரைக்கு ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணை மறந்துவிடுங்கள், அந்தப் பெண் என்ன போடுவார் என்று யோசியுங்கள். ஒவ்வொரு செஷன் முடிவிலும் நான்கு கேள்வி உள்ள ஒரு சின்னத் தாள் கொடுங்கள்: இன்று நீங்கள் சொன்னதை நான் கவனித்துக் கேட்டேனா, நீங்கள் பேச நினைத்ததைப் பேசினோமா, இந்த மாதிரி. தத்துவம் வேண்டாம், தாள் போதும்.

---

பழைய நாற்காலி எழுதியது:

அளவுகோல், தூக்கம் பற்றிச் சொன்னது சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். தாள் விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். "நீங்கள் சொன்னால் சரி" என்பவர் அந்தத் தாளிலும் நான்குக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் போவார். என்னிடம் அப்படிப் போட்டுவிட்டுப் போய்த் திரும்பி வராதவர்கள் உண்டு. குறை சொன்னாலும் இந்த உறவு உடையாது என்று அவர் முதலில் எங்கேயாவது கண்டிருக்க வேண்டும், அப்புறம்தான் தாளில் உண்மை வரும்.

---

எதிர் இருக்கை எழுதியது:

நான் தெரபிஸ்ட் இல்லை, மூன்று வருடம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவன். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

என் முதல் தெரபிஸ்ட் என் சமூகத்தைப் பற்றி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். உங்கள் பக்கத்தில் துக்கத்தை எப்படி அனுசரிப்பீர்கள், உங்களில் அப்பா மகன் பேச்சு எப்படி இருக்கும் என்று. பாடம் எடுத்ததும் நான், கட்டணம் கட்டியதும் நான். என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வந்தேன், எங்கள் ஆட்களின் அப்பாக்களைப் பற்றிச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர் கெட்டவர் இல்லை, எங்கேயோ பயிற்சியில் இதுதான் அக்கறை என்று சொல்லித் தந்திருக்கிறார்கள்.

இரண்டாவது தெரபிஸ்ட் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாள் நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவர் சிரித்துவிட்டார், அது சிரிப்புக்கான வார்த்தை இல்லை. நான் பேசிக்கொண்டே போனேன். ஐந்து நிமிடம் கழித்து அவரே நிறுத்தி, "நான் சிரித்தபோது ஏதோ ஆனது மாதிரி இருந்தது, உங்கள் குரல் மாறிவிட்டது, நான் தவறாகப் புரிந்துகொண்டேனா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த வார்த்தைக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அது புதிதாக இருந்தது.

அவருக்கு என் பண்பாடு தெரியாது. இன்றைக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

---

கடைசி பெஞ்ச் எழுதியது:

பயிற்சிக் குழுவில் 'பகிர்தல்' பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

என் பயிற்சி நிலையத்தில் (பெயர் வேண்டாம்) இதே கட்டுரை, இதே வட்டமாக உட்கார்ந்து வாசித்தல். இருபது பேரில் நான் ஒருவன்தான் வேறு பின்னணி. மற்றவர்கள் வாசித்தபோது எல்லாம் சாதாரணமாகப் போனது. நான் வாசித்து முடித்ததும் ஒரு மௌனம், அப்புறம் ஒவ்வொருவராக நன்றி சொன்னார்கள். எங்களுக்கு இவ்வளவு கற்றுத் தந்தீர்கள், எவ்வளவு தைரியம் உங்களுக்கு என்று. அன்றிலிருந்து அந்தத் தலைப்பு எப்போது வந்தாலும் எல்லோர் முகமும் என் பக்கம் திரும்பும். அவர்களுடைய தன்னுணர்வுக்கு நான் பாடப்பொருள் ஆகிவிட்டேன். மற்ற பத்தொன்பது பேருக்கும் பண்பாடு என்று ஒன்று இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை, அவர்கள் வெறும் மனிதர்கள், பண்பாடு உள்ளவன் நான் மட்டும்தான்!

இதை ஒருமுறை குழுவில் சொன்னேன். நடத்துநர் உடனே, "இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாமா?" என்றார். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். ரிலேஷனல் என்று பெயர் வைத்துவிட்டு, உறவில் தன் பங்கு என்ன என்று நடத்துநர் பார்க்கவில்லை என்றால் அந்தப் பெயர் எதற்கு? கேள்வி கேட்பவரின் கேள்வியை அவருடைய நோயாக மாற்றுவது இந்தத் துறையில் ரொம்பச் சுலபம். இதை மாணவர்களிடம் செய்யும் ஆசிரியரிடம் படித்தவர்கள் நாளைக்குக் கிளையண்டிடமும் இதையே செய்வார்கள். அவ்வளவுதான் சொல்ல வந்தேன். கேட்டவருக்குப் பதிலாக இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

---

பழைய நாற்காலி எழுதியது:

கடைசி பெஞ்ச், இதுவும் பதில்தான். உங்கள் பதிவைப் படித்தபோது எனக்குப் பழைய ஒன்று ஞாபகம் வந்தது, சொல்லிவிடுகிறேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வார். நான் ஒரு நாள், "நீங்கள் அதிகாரத்துக்கு ரொம்பப் பணிகிறீர்கள், உங்கள் வளர்ப்பில் அது எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள்" என்றேன். அதையும் பணிவாக ஏற்றுக்கொண்டு போய் யோசித்துக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தார்! அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர் தேர்ச்சிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நான். பணிவு அவர் வளர்ப்பில் இருந்ததோ என்னவோ, என் கையில் இருந்த பேனாவில் கண்டிப்பாக இருந்தது.

கவுன்டர்டிரான்ஸ்ஃபரன்ஸ், அதாவது வந்தவரைக் குறித்துத் தெரபிஸ்டுக்குள் எழும் உணர்வுகள், என்ற சொல்லின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1910இல் ஃப்ராய்டு அதைப் பேசியபோது அது மருத்துவர் கண்டுபிடித்து அடக்க வேண்டிய ஒரு தடை. நாற்பது வருடம் கழித்து, 1950இல் பவுலா ஹைமன், இல்லை, தெரபிஸ்டுக்குள் எழும் உணர்வே வந்தவரைப் புரிந்துகொள்ள ஒரு கருவி என்று எழுதினார். நல்ல திருப்பம்தான், ஆனால் அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: எனக்குள் எழுவதெல்லாம் அவர் போட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஸ்டீஃபன் மிட்செல் போன்றவர்கள் 1980களுக்குப் பிறகு ரிலேஷனல் என்று பேசத் தொடங்கியபோதுதான், இது இருவரும் சேர்ந்து உண்டாக்குவது, பாதி உன்னுடையது என்ற பேச்சு வலுத்தது. பண்பாட்டையும் இதில் சேர்த்துப் பாருங்கள். உளப்பகுப்பாய்வாளர் லின் லேட்டன் ஒன்று சொல்வார்: எது இயல்பு, எது மரியாதை, யாருக்கு எது தகும் என்று சமூகம் போட்டு வைத்த கோட்டைச் சில நேரம் தெரபிஸ்டும் வந்தவரும் சேர்ந்தே காவல் காப்பார்கள், இருவருக்கும் தெரியாமல். வேறு பின்னணி உள்ளவர் வரும்போது நாம் கொஞ்சம் விழிப்பாக இருப்போம், தெரியாததைக் கேட்போம். நம்மைப் போலவே உள்ளவர் வரும்போதுதான் கோட்டைக் கேள்வி கேட்க அறையில் ஆளே இருக்காது.

மெலனி டெர்வலன், ஜேன் முர்ரே-கார்சியா இருவரும் 1998இல் மருத்துவர்களின் பயிற்சியைப் பற்றி எழுதும்போது, பண்பாட்டுத் திறன் என்பதற்குப் பதிலாகப் பண்பாட்டுப் பணிவு என்ற சொல்லை முன்வைத்தார்கள். திறன் என்றால் ஒரு நாள் கற்று முடித்துவிடலாம் என்று ஆகிவிடுகிறது, இது ஆயுள் முழுக்கத் தன்னைத் திரும்பிப் பார்ப்பது என்றார்கள். அதில் பலரும் தாண்டிப் போய்விடும் பகுதி, நிறுவனமும் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது. மாணவர் மட்டும் அம்மணமாக நிற்க, ஆசிரியர் கோட்டுப் போட்டுக்கொண்டு மதிப்பெண் போடுவது பணிவு இல்லை. அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதையே நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. ஆசிரியரும் தன்னுடையதை எழுதி முதலில் வாசிக்கட்டும்.

இரண்டாமாண்டு, வியாழக்கிழமைக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. உங்களைப் பற்றி ஏதாவது கண்டுபிடித்தீர்கள் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் கொட்டாதீர்கள். ஃப்ராய்டின் நெருங்கிய சகாவாக இருந்த ஃபெரென்ஸி 1932இல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார், தன்னிடம் வந்த ஒருவரோடு மாறி மாறி ஒருவரை ஒருவர் பகுப்பாய்வு செய்து பார்த்ததை. நேர்மையான மனிதர். ஆனால் மனதில் வருவதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றால் மற்ற நோயாளிகளின் ரகசியங்களும் வந்துவிழுமே என்பது போன்ற சிக்கல்களில் அவரே மாட்டிக்கொண்டதையும் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் கண்டுபிடிப்பை இறக்கி வைக்க வேண்டிய இடம் சூப்பர்விஷன், இல்லாவிட்டால் உங்கள் சொந்தத் தெரபி. அவரிடம் சொல்ல வேண்டியது உங்கள் கதையை இல்லை, அன்றைக்கு நீங்கள் செய்ததை.

---

அளவுகோல் எழுதியது:

மதிப்பெண்ணை நிறுத்துவதற்கு நானும் கை தூக்குகிறேன். இந்த ஒரு விஷயத்தில் நாம் ஒத்துப்போவோம் என்று நினைக்கவே இல்லை. அப்புறம், இரண்டாமாண்டு, தூக்கத்தைக் கேளுங்கள்!

---

இரண்டாமாண்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன், நடுவில் நிறைய நடந்துவிட்டது.

முதலில் நடித்துப் பார்த்தேன். உடன் படிக்கும் ஒருவரைத் தெரபிஸ்டாக உட்காரவைத்து, நான் அந்தப் பெண்ணாக உட்கார்ந்தேன். பத்து நிமிடம் அந்தப் பெண் சொன்னதையெல்லாம் நான் சொன்னேன். அப்புறம் என் தோழி, என் வார்த்தைகளிலேயே, "உங்களுக்கென்று என்ன வேண்டும்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று அவமானமாக இருந்தது. இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று யாரோ கேட்டது போல. என் வாயிலிருந்து வந்த பதில், "நீங்கள் சொல்வது சரிதான்." திட்டமிட்டுச் சொல்லவில்லை, அதுதான் வந்தது.

அப்புறம் அந்த ஒரு நொடி. உடம்பில் என்ன இருந்தது என்று கேட்டீர்கள். அவசரம் இருந்தது. அவர் அந்தப் பாரத்தை உடனே இறக்கி வைத்தாக வேண்டும் என்று ஒரு பதற்றம், என்னால் உட்கார முடியாதது போல. சூப்பர்விஷனில் அதைச் சொன்னேன். (நீங்கள் சொன்னதும் உண்மைதான், நான் அங்கேயும் தலையாட்டுகிறவள். முதல் பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசினோம், இருவருக்கும் சங்கடமாக இருந்தது.) சூப்பர்வைசர், "இந்தப் பதற்றம் யாருக்காக?" என்று கேட்டார். யாருக்காகவும் இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து கட்டுரையை எடுத்துப் பார்த்தேன்.

எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். நான் படித்தது அவள் சம்பாதித்துக் கட்டிய பணத்தில். நான் "வெளியே வந்தவள்" என்று அவ்வளவு அழகாக எழுதினேனே, நான் வெளியே வர முடிந்ததே அவள் உள்ளே நின்றதால்தான். பன்னிரண்டு பக்கக் கட்டுரையில் அவள் ஒரே வரியில் வருகிறாள்: "மூத்த சகோதரியின் உதவியுடன் உயர்கல்வி பெற்றேன்." வரைபடத்தில் ஒரு வட்டம், பக்கத்தில் பிறந்த வருடம். அவ்வளவுதான். வாசித்தபோது யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண் எதையாவது தனக்கென்று வேண்டும் என்று சொல்லிவிட்டால் என் கடன் எங்கேயோ தீர்ந்துவிடும் என்று இருந்திருக்கிறது. ஆகவே வேறு பண்பாடு, தனிமனிதம், கூட்டு வாழ்வு என்று முதலில் நான் எழுதியதெல்லாம் தப்பு. வித்தியாசமே இல்லை என்பதுதான் பிரச்சினையாக இருந்தது.

வியாழக்கிழமை வந்தார். தூக்கத்தைக் கேட்டேன், அளவுகோல்! மூன்று மணிக்கு விழிப்பு வருகிறதாம், அப்புறம் கணக்குப் போட்டுக்கொண்டே படுத்திருப்பாராம். அது ஒரு பத்து நிமிடம் போனது, அதுவே நன்றாக இருந்தது. அப்புறம் சொன்னேன்: "முன்பு வந்தபோது உங்களிடம் ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டேன். கடைசியாகக் கேட்டபோது நீங்கள் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது போல இருந்தது. நான் உங்களை அவசரப்படுத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்." அக்காவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றார். சரி, போயிற்று என்று நினைத்தேன். நானும் ஒன்றும் பேசவில்லை, பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று முதல் வருடத்தில் யாரும் சொல்லவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அப்புறம் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டே, "நீங்கள் அதைக் கேட்டபோது, நான் இதுவரைக்கும் செய்ததெல்லாம் வீண் என்று சொன்ன மாதிரி இருந்தது" என்றார். அப்படித் தோன்றும்படி கேட்டிருக்கிறேன், வருந்துகிறேன் என்றேன். அவர் தொடர்ந்து, "அவர்களுக்குச் செய்வது எனக்குக் கஷ்டம் இல்லை. செய்வது யார் கண்ணிலும் படவில்லை, அதுதான்" என்றார். ஆறு செஷன் நான் தோண்டித் தோண்டிக் கேட்டு வராதது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதில் எவ்வளவு அவருக்காக, எவ்வளவு என் வீட்டுக்காக என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை, அடுத்த சூப்பர்விஷனுக்கு அதை எழுதி வைத்திருக்கிறேன்.

முடிக்கும் முன்னால் ஒலிப்பதிவுக்குச் சம்மதம் கேட்டேன், என் பயிற்சிக்காக மட்டும், யார் யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம் என்றெல்லாம் விளக்கி, வேண்டாம் என்று சொன்னாலும் எதுவும் மாறாது என்றும் சொன்னேன். யோசித்தார்.

"இப்போதைக்கு வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்" என்றார்.